இடக்கரும் அடக்கலும்

நன்னூல் சொல்லதிகாரம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு நாள் வகுப்பில் அமுங்கிய சிரிப்பு எழும். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பலர் முன் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல் என்று விளக்கிவிட்டு, வழிவழியாக வரும் எடுத்துக்காட்டுகளைக் கரும்பலகையில் எழுதுவேன். கால் கழுவி வந்தான். வெளிக்குப் போனான். கொல்லைக்குப் போனான். மாணவிகள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். நானும் லேசாகச் சிரித்துவிட்டு மங்கலத்துக்குப் போய்விடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போக முடியவில்லை. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவி எழுந்து கேட்டாள்: "மேம், எங்க வீட்டுல கொல்லையே இல்ல. ஏழு குடும்பத்துக்கும் காமன் பாத்ரூம்தான். அப்ப நாங்க எதைச் சொல்லி அடக்குறது?" வகுப்பு முன்பைவிடச் சத்தமாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சமாளித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று மாலை அந்த எடுத்துக்காட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். எல்லா வினைமுற்றும் ஆண்பால். கால் கழுவியவனுக்குத் தண்ணீர் இருந்தது. வெளிக்குப் போனவனுக்கு ஒரு வெளி இருந்தது. கொல்லைக்குப் போனவனுக்கு வீட்டின் பின்னால் நிலம் இருந்தது. எந்த நேரத்தில் போனான், எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்ற கேள்விக்கே இடமில்லை. நினைத்தபோது போனான், வந்தான். தண்ணீரும் வெளியும் நிலமும் நேரமும் உடையவனின் மொழியைத்தான் நாகரிகம் என்ற பெயரில் இத்தனை காலமாக நான் நடத்தியிருக்கிறேன். அவள் கேள்விக்குத் தாமதமாக வரும் பதில் இந்தக் கட்டுரை.

*

காமன் என்ற சொல்லில் தொடங்கலாம். சென்னையின் மேற்குப் புறநகரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸ் தொகையை விசாரிக்கும் மூச்சிலேயே கேட்பது: "பாத்ரூம் தனியா, காமனா?" ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் வந்தன. பெரிய நிறுவனங்களில் வேலை கிடைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சிறு பட்டறைகளுக்கும், பின்னால் வந்த ஆயத்த ஆடை நிறுவனங்களுக்கும் வேலைக்கு வந்தவர்கள் லைன் வீடுகளுக்குப் போனார்கள். நீளமான ஒரு மனையில் ரயில் பெட்டிகளைப் போல அடுத்தடுத்து ஒற்றை அறைகள். கடைசியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் தகரக் கதவு போட்ட இரண்டு கழிப்பறைகள். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஊரின் பெயர்ப்பலகை மாறியது. தகரக் கதவு பல தெருக்களில் அப்படியே இருக்கிறது.

அந்தக் கதவுக்கென்று ஒரு சட்டதிட்டம் உண்டு. பூட்டின் சாவி ஹவுஸ் ஓனர் வீட்டு வாசலில் ஆணியில் தொங்கும், அல்லது குடும்பத்துக்கு ஒரு சாவி. மோட்டார் போடும் நேரத்துக்குள் வாளியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். புதைசாக்கடை இணைப்பு வராத தெருவென்றால் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பினால் லாரிக்குக் காசு யார் கொடுப்பது என்ற சண்டை வரும். உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவருக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான்: "ஆளிருக்கு." தகரத்தை யார் தட்டினாலும், உள்ளே யார் இருந்தாலும், அதே வாக்கியம்.

நேரத்தைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் நகர்ப்புற வழிகாட்டு நெறிகள், சமுதாயக் கழிப்பறைகளில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்று அளவு வைக்கின்றன. பெண்களுக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பதை ஒப்புக்கொண்ட அளவு இது, வரவேற்கலாம். ஆனால் அதையே ஒரு விடியற்காலையில் பொருத்திப் பாருங்கள். வாளியைத் தூக்கி உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டு, உடையைச் சமாளித்து, கழுவி, அடுத்தவருக்காகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வர ஒருவருக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 25 பேருக்கு 150 நிமிடம். கம்பெனி பஸ் ஐந்தரைக்கு என்றால் முதல் பெண் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மாதவிடாய் நாளில் 6 நிமிடம் போதாது. கைக்குழந்தைக்காரிக்குப் போதாது. மூட்டு வலிக்கும் பாட்டிக்குப் போதாது. அவர்களுக்குப் பின்னால் நிற்பவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கழிப்பறை இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் கணக்கெடுப்பில் இந்த வரிசை தெரியாது. அங்கே "இருக்கிறது" என்றுதான் பதிவாகும்.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம் ஒன்றில் இதற்குத் தனி வகையே இருக்கிறது. கழிப்பறை எவ்வளவு நல்ல தரத்தில் இருந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதைப் பகிர்ந்துகொண்டால், அது "அடிப்படை வசதி"யாகக் கணக்கில் சேராது; அதற்கும் கீழே, "வரம்புக்குட்பட்டது" என்ற படியில் வைப்பார்கள். அந்த வரம்பு எது என்று லைன் வீட்டுப் பெண்ணைக் கேட்டால் மணி பார்த்துச் சொல்வாள்.

*

இடக்கரடக்கல் என்ற கலைச்சொல்லிலேயே ஓர் அடக்கல் இருக்கிறது. அடக்கம் பெண்ணுக்கு அணி என்று படித்து வளர்கிறோம். "கொஞ்சம் அடக்கிக்கோ, வீட்டுக்குப் போயிடலாம்" என்று பஸ்ஸில் மகளிடம் சொல்கிறோம். சொல்லை அடக்குவதும், நடையை அடக்குவதும், சிறுநீரை அடக்குவதும் தமிழில் ஒரே வினை. இதைச் சொல் விளையாட்டாக நான் பார்க்கவில்லை. மூன்றும் ஒரே வயதில், ஒரே ஆளால், பெரும்பாலும் அம்மாவால் கற்றுத்தரப்படுகின்றன. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காமல் கிளம்பக் கற்றுக்கொள்கிறோம். மதியம்வரை தாங்கும் உடம்பைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நீர்க்கடுப்பு வந்தால் "உடம்புச் சூடு" என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைக்கிறோம். உடம்புச் சூடு என்பதும் ஓர் இடக்கரடக்கல்தான். நாள் முழுக்க அடக்கியதும் தண்ணீர் குடிக்காததும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

இந்த அடக்கலை நம் இலக்கியமும் சினிமாவும் எப்படி எழுதியிருக்கின்றன?

அசோகமித்திரனின் "தண்ணீர்" சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் பல குடித்தன வீட்டுப் பெண்களையும் எழுதிய நாவல். ஜமுனாவும் டீச்சரம்மாவும் தண்ணீருக்காக அலையும் அலைச்சல் வழியாக ஒரு நகரத்தின் நெருக்கடியைச் சொல்லிவிட முடியும் என்று காட்டியது. தமிழில் நகரத்துப் பெண்ணின் காத்திருப்பை அதற்கு இணையாகச் சொன்ன படைப்புகள் குறைவு. அந்த நாவலை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் எனக்கு ஒரு எண்ணம் வரும்: குடத்தோடு நிற்கும் பெண் இலக்கியத்துக்குள் வந்துவிட்டாள். அதே வீட்டில், அதே பஞ்சத்தில், அதே பெண் வாளியோடும் நின்றிருப்பாளே. குடம் இடுப்பில் ஏறினால் படம்; கவிதைக்கும் வரும், காலண்டருக்கும் வரும். வாளி இடக்கர்.

"ஜோக்கர்" (2016) அந்த வாளியைத் திரைக்குக் கொண்டுவந்த படம். ராஜு முருகனின் இந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில் மல்லி, கழிப்பறை உள்ள வீட்டுக்குத்தான் வாழ வருவேன் என்கிறாள். ஊழலில் அரைகுறையாக நின்ற கழிப்பறை ஒரு மழை நாளில் அவள்மேல் இடிந்து விழுகிறது. அவள் நினைவின்றிப் படுக்கையில் கிடக்கிறாள். அவளுக்காக மன்னர் மன்னன் அரசோடும் நீதிமன்றத்தோடும் மோதுகிறான். அரசின் பொய்யை இவ்வளவு நேராகச் சொன்ன படம் என்று அன்றும் இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் கதையின் அமைப்பைக் கவனியுங்கள். கழிப்பறை வேண்டும் என்று கேட்டவள் அவள். அவள் கேட்டது தீர்மானமான, கூச்சமில்லாத, பேரம் பேசும் ஒரு கோரிக்கை. கேட்டவள் பேச்சிழந்துவிட, போராட்டத்தின் பேச்சு முழுவதும் அவனுடையதாகிறது. மல்லி பிழைத்திருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பாள்? தண்ணீர் யார் சுமப்பது என்று கேட்டிருப்பாள். யார் கழுவுவது என்று கேட்டிருப்பாள். அந்தக் கேள்விகளைக் கேட்கக் கதையில் ஆளில்லை.

வசந்தபாலனின் "அங்காடித் தெரு"வில் (2010) ஒரு சிறு பகுதி வரும். பிழைப்புத் தேடி ரங்கநாதன் தெருவுக்கு வந்த ஒருவர், யாரும் நுழைய முடியாமல் கிடக்கும் பொதுக் கழிப்பறையைச் சுத்தம் செய்து, வாசலில் உட்கார்ந்து காசு வாங்கத் தொடங்குகிறார். அந்தத் தெருவில் எதை விற்றும் பிழைக்கலாம் என்று காட்டும் காட்சி. தியேட்டரில் எல்லோரையும் போல நானும் ரசித்தேன். பின்னால் யோசித்தபோது, அதே படத்தின் ஜவுளிக்கடைப் பெண்கள் பக்கமிருந்து அந்தக் காட்சியைப் பார்க்கத் தோன்றியது. நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு வரை போய்வர எத்தனை நிமிடம் அனுமதி? கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். உட்காரும் உரிமைக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சொல்லை அடக்காதவர்களும் இருக்கிறார்கள். பெருமாள்முருகன் "பீக்கதைகள்" என்று ஒரு தொகுப்புக்கே பெயர் வைத்தார். மலம் அள்ளும், சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி 2017இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் "கக்கூஸ்". கக்கூஸ் டச்சுக்காரர்களிடமிருந்து நமக்கு வந்த சொல். எதையும் மறைக்காமல், அந்த இடம் எதற்கோ அதையே சொல்லும் சொல். ஓர் ஆண் எழுத்தாளர் அப்படிப் பெயர் வைத்தபோது இலக்கிய விவாதம் நடந்தது. ஒரு பெண் இயக்குநர் வைத்து, சாதியையும் பேசியபோது அவருக்கு வந்தவை கொச்சையான தொலைபேசி அழைப்புகளும் மிரட்டல்களும். இடக்கரைச் சொன்னவளுக்கு இடக்கராலேயே பதில் சொன்னார்கள். யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தும் ஒரு சொல் தகுதி இழக்கிறது. தகுதி வழக்கை நடத்தும்போது இதையும் சேர்த்து நடத்த வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கணக்கும் பாக்கி இருக்கிறது. குட்டி ரேவதியின் "முலைகள்" 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலுக்கு எதிராக, பெண் உடம்பின் சொற்களைப் பெண்ணே எழுதுவாள் என்று நாங்கள் நின்றோம். அந்தப் போரில் வென்றதெல்லாம் எனக்கும் சேர்த்து வென்றது. ஆனால் நாங்கள் எழுதிய உடம்பில் முலை இருந்தது, கருப்பை இருந்தது, தொடை இருந்தது, தீட்டு இருந்தது. சிறுநீர்ப்பை இருந்ததாக எனக்கு நினைவில்லை. என் இரண்டு தொகுப்புகளிலும் இல்லை. காமத்தைச் சொல்லும் துணிச்சல் எனக்கு வந்தது. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் எங்கே போவது என்று தவித்த தவிப்பை ஒரு வரியில்கூட எழுதவில்லை. கவிதைக்கு அது போதாது என்று நினைத்திருக்கிறேன். அப்படி நினைக்கச் செய்ததும் கொல்லை வைத்திருந்தவர்களின் இலக்கணம்தான்.

*

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்த பெண்கள் உணவு ஒவ்வாமையால் விழுந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் உதிரிபாகங்களைப் பொருத்தும் பெண்கள் அவர்கள். 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. தங்குமிடங்கள் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, ஆலையைத் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12இல் ஆலை மீண்டும் திறந்தது.

இந்தச் சம்பவம் நம் நினைவில் "கெட்டுப்போன சாப்பாடு" என்றே தங்கியிருக்கிறது. அப்போதே பெண்களிடம் பேசி ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியில் இன்னும் சில விவரங்கள் இருந்தன. ஓர் அறையில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர்வரை தரையில் படுத்தார்கள். விடுதி ஒன்றின் கழிப்பறைகளில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. வயிற்றுக் கோளாறு ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கும்போது, தண்ணீர் வராத கழிப்பறையைப் பகிர்ந்துகொள்வதை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு அவையில் பேசத்தக்க சொல். கழிப்பறை பேசத்தகாதது. ஒரே விடுதி, ஒரே இரவு, ஒரே உடம்பு. தலைப்பில் ஏறியது ஒன்று, செய்தியின் உள்ளே அமுங்கியது மற்றொன்று. செய்தித்தாளும் தன் பங்குக்கு இடக்கரடக்கல் செய்கிறது.

அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததை நான் ஒரு வாசகமாகவே வாசிக்கிறேன். அடக்கம் என்று கற்றுத்தரப்பட்ட அத்தனையையும் ஒரே இரவில் ஓரம் வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலை என்ற மிகப் பெரிய அவையில் அவர்கள் அமர்ந்தார்கள். பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்ச் செலவு. நல்ல செய்தி. இத்தகைய விடுதி எங்கே திறந்தாலும் எத்தனை படுக்கை என்று கேட்பதோடு, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எவ்வளவு நேரம் தண்ணீர் வரும் என்றும் கேட்கப் பழக வேண்டும்.

*

கழிப்பறையைப் பற்றி அவையில் பேச நமக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே சொல் மானம். உத்தரப்பிரதேசத்தில் அரசு கட்டித்தந்த கழிப்பறைகளுக்கு "இஜ்ஜத் கர்", மான வீடு, என்றே பெயரிட்டார்கள். நம்மூர்ப் பிரச்சாரத்திலும் மருமகளின் மானம், மகளின் மானம் என்றுதான் பேச்சு. மானம் என்று சொன்னதும் பிரச்சினை வெளி ஆணின் பார்வை என்றாகிவிடுகிறது. நான்கு சுவரும் ஒரு கதவும் போட்டால் தீர்ந்தது. லைன் வீட்டில் நான்கு சுவரும் கதவும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே இருக்கும் தொல்லைகள் வேறு. யார் எத்தனை முறை போனாள், எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவள் விடியலில் வாந்தி எடுத்தாள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே ஹவுஸ் ஓனரம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதே கதவின் முன்னால்தான் ராத்திரியில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஒருத்தி டார்ச்சோடு நிற்கிறாள். தகரத்தின் மேல் வழியாக ஒரு நாப்கின் கைமாறுகிறது. உளவும் உதவியும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் அது. மானம் என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

மானம் மறைக்கும் இன்னொன்று, கழுவுபவள். காமன் பாத்ரூமுக்குக் குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைப்பார்கள். முறை குடும்பத்துக்கு, துடைப்பம் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு. அவள் ஊருக்குப் போனால் முறை தள்ளிப்போகுமே தவிர, கணவன் கைக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. முறை வைக்காத வீடுகளில் வெளியிலிருந்து ஒரு பெண் வருவார். அவருக்குப் பெயர் இருக்காது. காசைச் சுவர்மேல் வைப்பார்கள். யாரோடு கழிப்பறையைப் பகிர்வது என்பதில்தான் வாடகை வீட்டின் சாதி விசாரணை முடிகிறது. "சைவமா?" என்ற கேள்வி சமையலறையைக் காட்டி ஆரம்பிக்கும், போய்ச் சேரும் இடம் பின்பக்கத் தகரக் கதவு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இலும், விரிவாக 2013இலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று எந்தத் தெருவிலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும். திருச்சியின் குடிசைப் பகுதிகளில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து, கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்களின் துணையோடு, சமுதாயக் கழிப்பறைகள் பலவற்றைப் பெண்கள் குழுக்களே பொறுப்பேற்று நடத்திவருகின்றன. வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிக் கணக்கு எழுதுபவர் அங்கே ஒரு பெண். விளக்கு எரியவில்லை, தாழ்ப்பாள் உடைந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் இடக்கரடக்கல் தேவைப்படாது. அங்கும் குறைகள் இருக்கும். ஆனால் வரிசையில் நிற்பவளும் கதவின் சாவியை வைத்திருப்பவளும் ஒரே தெருக்காரி என்பது சின்ன விஷயமில்லை.

*

இப்போதெல்லாம் நன்னூல் வகுப்பில் இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டை நான் எழுதிப்போடுவதில்லை. உங்கள் வீட்டில், தெருவில், ஹாஸ்டலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, பெயர் போடாமல் தாளில் எழுதித் தரச் சொல்கிறேன். முதல் சில நிமிடம் வழக்கமான சிரிப்பு இருக்கும். பிறகு எழுதுவார்கள். "பக்கெட் காலியா இருக்கா?" "லைன்ல எத்தனை பேர்?" "ஓனர் வீட்டு லைட் எரியுதா?" "எனக்குக் கொஞ்சம் காவலுக்கு வர்றியா?" ஒரு தாளில் இரண்டே சொல்: "சாவி எங்க?"

பட்டியலை வகுப்பில் வாசிப்போம். கால் கழுவுவதில் தண்ணீர் இருந்ததைப் போல, இந்த வாக்கியங்களில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மாணவிகளே பிரித்துச் சொல்வார்கள். பக்கெட்டைக் கேட்கும் வாக்கியத்தில் குழாய் இல்லை. காவலுக்குக் கூப்பிடும் வாக்கியத்தில் வெளிச்சம் இல்லை. சாவியைக் கேட்கும் வாக்கியத்தில் வீடு அவளுடையதாக இல்லை. அனேகமாக எல்லா வாக்கியங்களும் கேள்விகள் என்பதை ஒருமுறை ஒரு பெண் கவனித்துச் சொன்னாள். பழைய எடுத்துக்காட்டுகள் முடிந்துபோன செயல்கள்: வந்தான், போனான். இவை இன்னும் அனுமதிக்குக் காத்திருக்கின்றன.

முதலில் கேள்வி கேட்ட மாணவி படிப்பை முடித்துப் போய் வெகுநாளாகிறது. அவள் கேட்டதைப் போன பருவத்தேர்வு வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாவாக வைத்தேன்: "உம் வீட்டில் வழங்கும் இடக்கரடக்கல் ஒன்றைத் தருக." விடைத்தாள்களைத் திருத்தியபோது ஐந்தில் ஒருத்தியாவது கால் கழுவி வந்தவனையே எழுதியிருந்தாள். அதற்கும் மதிப்பெண் போட்டேன். ஓரத்தில், "தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று சிவப்பு மையில் எழுதினேன்.